இடிப்பது வேறு, பிரிப்பது வேறு

பத்தாம் வகுப்பில் எனக்குப் போன பாடம் ஒன்றே ஒன்றுதான். இங்கிலீஷ். மற்ற நான்கிலும் நல்ல மதிப்பெண். கணக்கில் எங்கள் பள்ளியிலேயே மூன்றாவதாக வந்தேன். அதை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. "இங்கிலீஷ்ல பூட்ச்சாம்" என்பதுதான் காலனி முழுக்கப் பரவிய செய்தி.

மறுபடியும் எழுதிவிடு என்று அப்பா சொன்னார். எழுதியிருக்கலாம். அந்த வருடம் அம்மா படுத்துவிட்டாள்; அவளுக்குப் பதிலாக நான் நடவுக்குப் போனேன். நடவு முடிந்ததும் களை, களை முடிந்ததும் அறுப்பு. பத்தொன்பது வயதில் கல்யாணம். என் வீட்டுக்காரர் கட்டட வேலை செய்யும் மேஸ்திரி. அவரோடு நானும் சித்தாளாகக் கிளம்பினேன்.

எங்கள் ஊர் உத்திரமேரூரிலிருந்து பெருநகர் போகிற வழியில் இருக்கிறது. பேருந்து நிற்குமா நிற்காதா என்பதை ஓட்டுநரின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. காலையில் வேன் வந்துவிடும். ஒரகடம் பக்கம் தொழிற்சாலைகள் எழும்பிக்கொண்டிருந்த இடங்களுக்கு எங்களை அள்ளிக்கொண்டு போய், பொழுது சாய்ந்ததும் கொண்டுவந்து கொட்டும்.

அங்கே எங்கு திரும்பினாலும் இங்கிலீஷ். நான் எந்தப் பாடத்தில் தோற்றேனோ அதற்குள்ளேயே கலவைப் பாண்டு தூக்கிக்கொண்டு நடந்தேன். சொற்கள் எனக்கு எழுத்தாக வரவில்லை, உடம்பின் வழியாக வந்தன. 'காஸ்டிங்' என்றால் கான்கிரீட் போடுகிற நாள், சாப்பாட்டு நேரம் தள்ளிப்போகும். 'க்யூரிங்' என்றால் தண்ணீர் ஊற்றுகிற வேலை, கொஞ்சம் மூச்சு விடலாம். 'சிப்பிங்' என்றால் கொத்துகிற வேலை, கண்ணில் தூசி. 'ஃபினிஷிங்' என்றால் நம்மைப் பக்கத்திலேயே விடமாட்டார்கள். இப்படியே ஆறேழு வருடம் ஓடியது. அர்த்தம் தெரிந்தது போலத்தான் இருந்தது. தெரியவில்லை என்பது ஒரு நாள் தெரிந்தது.

அப்போது வேலை நடந்த கட்டுமானத் தளத்தில் தற்காலிக அலுவலகம் ஒன்று இருந்தது. பிளைவுட் பலகையும் கண்ணாடியும் அலுமினியச் சட்டமும் வைத்துப் போட்ட அறை. அதை வேறு இடத்துக்கு மாற்றவேண்டும். இன்ஜினியர் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், என்னைவிட நான்கைந்து வயது சிறியவள். காலையில் வந்து எங்கள் கூட்டத்துக் கங்காணியிடம், "அதை டிஸ்மேண்டில் பண்ணிடுங்க, மதியம் வந்து பாக்கிறேன்" என்று சொல்லிவிட்டு மேல்மாடிக்குப் போனாள். கங்காணி எங்கள் பக்கம் திரும்பி, "இடிங்கோ" என்றார்.

இடித்தோம். நானும்தான். ஒரு சம்மட்டி என் கையில் இருந்தது. கண்ணாடி உடைகிற சத்தம் கேட்க நன்றாகக்கூட இருந்தது என்று இப்போது ஒத்துக்கொள்கிறேன். எப்போதும் தூக்குகிற வேலை. அன்றைக்கு மட்டும் ஓங்கி அடிக்கிற வேலை.

மதியம் இறங்கி வந்த அந்தப் பெண் சத்தம் போடவில்லை. உடைந்த சட்டத்தின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இதற்கு அவள்தான் பதில் சொல்லவேண்டும் என்பது எங்களுக்கே புரிந்தது.

"நான் டிஸ்மேண்டில்னுதானே சொன்னேன்" என்றாள். "டிமாலிஷ்னு சொல்லலியே."

கங்காணி, "ரெண்டும் ஒண்ணுதான மேடம்" என்றார்.

"ஒண்ணு இல்லண்ணே. டிமாலிஷ்னா இடிக்கிறது. அதோட அது முடிஞ்சுபோச்சு. டிஸ்மேண்டில்னா ஸ்க்ரூவைக் கழட்டி, சட்டத்தைப் பிரிச்சு, மறுபடியும் போடுற மாதிரி எடுக்கிறது."

அவள் என் கையைப் பார்த்தாள். சம்மட்டியை நான் இன்னும் கீழே வைக்கவில்லை. அன்றைக்குப் பட்ட வெட்கம் பரீட்சையில் தோற்றபோதுகூடப் பட்டதில்லை. பரீட்சையில் போனது என் மதிப்பெண். இங்கே என் கையாலேயே ஒரு நல்ல பொருளை நாசமாக்கியிருந்தேன், ஒரு சொல் தெரியாமல்.

அன்று மாலை வேனை உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் நிறுத்தச் சொல்லி, இறங்கி ஒரு நோட்டு வாங்கினேன். நீளமான, கோடு போட்ட நோட்டு. இடப்பக்கத்தில் ஆக்குகிற சொற்கள், வலப்பக்கத்தில் அழிக்கிற சொற்கள் என்று முதலிலேயே பிரித்துக்கொண்டேன். தளத்தில் காதில் விழுகிற சொல்லை நெஞ்சிலேயே வைத்திருந்து, வேனில் வரும்போது செல்போனில் அர்த்தம் பார்ப்பேன். வீட்டுக்கு வந்து உலை வைத்துவிட்டு எழுதுவேன். செல்போன் சொல்கிற தமிழ் அர்த்தத்தை அப்படியே எழுதமாட்டேன். அது பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் 'உருவாக்கு' என்றும் 'அழி' என்றும்தான் சொல்லும். நம் வாயில் அது எப்படி வரும் என்று யோசித்து எழுதுவேன்.

அப்படி யோசித்தபோதுதான் நாம் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லைப் போடுவதில்லை என்று கவனித்தேன். சுவரை எழுப்புகிறோம். பந்தல்காலை நடுகிறோம். கொட்டகை போடுகிறோம். சோற்றை ஆக்குகிறோம். 'எரெக்ட்' என்று இன்ஜினியர்கள் இரும்புத் தூணுக்குச் சொன்னார்கள். அது நம் பந்தல்கால்தான் என்று எழுதிக்கொண்டேன். 'அசெம்பிள்' என்பது ஏர் பூட்டுகிற மாதிரி: தனித்தனியாகச் செய்து வைத்ததைச் சேர்த்துப் பூட்டுவது. கட்டிலுக்குக் கயிறு பின்னுவதற்கு ஒரு சொல் தேடிப் பார்த்தேன், தளத்தில் யாருக்கும் அது தேவைப்படவில்லை.

'வெட்டு' என்ற சொல்லில் மாட்டிக்கொண்டேன். மரத்தை வெட்டினால் மரம் போய்விடுகிறது. கிணற்றை வெட்டினால் கிணறு வருகிறது. இதை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்து, நடுக்கோட்டின் மேலேயே எழுதினேன்.

என் வீட்டுக்காரர் ஒரு நாள் நோட்டை வாங்கி வலப்பக்கத்தைப் புரட்டினார். பக்கம் நிறைந்து அடுத்த தாளுக்குப் போயிருந்தது.

"ஒடைக்கிறதுக்கு இன்னாமே இத்தினி பேரு?" என்றார்.

"ஒவ்வொண்ணும் வேற வேற ஒடைக்கிறதுயா. டேமேஜ்னா அடிபட்டுக்கீது, சரி பண்ணிக்கலாம். டெஸ்ட்ராய்னா சரி பண்ண ஒண்ணுமில்ல."

"இது இன்னா, அபாலிஷ்?"

"அத்த சம்மட்டியால பண்ண முடியாது. வயக்கத்த, சட்டத்த, அந்த மாதிரி ஒண்ண இனிமே இல்லன்னு ஆக்கறது."

அவர் அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்தார். அவருடைய அப்பாவும் என்னுடைய அப்பாவும் ஒரே ஆளின் நிலத்தில் படியாளாக இருந்தவர்கள். வருடத்துக்கு இத்தனை மரக்கால் நெல் என்று பேசி, விடிந்தால் அந்த வீட்டு வாசலில் நிற்கவேண்டும். காய்ச்சல் என்றாலும் நிற்கவேண்டும். அந்த ஏற்பாடு எங்கள் கண் முன்னாலேயே இல்லாமல் போனது. அதை யாரும் இடித்த சத்தம் கேட்கவில்லை.

"நல்ல வார்த்தைதான். ஆனா அத்த ஏன் ஒடைக்கிற பக்கம் எயுதிக்கீற? இந்தப் பக்கம் எயுது" என்று இடப்பக்கத்தைக் காட்டினார்.

அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. இடப்பக்கத்திலும் எழுதினேன். அதன் பிறகு அவர் அந்த நோட்டைக் கேலி செய்யவில்லை. தளத்தில் யாராவது புதிய சொல் சொன்னால் அவரே வந்து, "இத்த எயுதிக்கினியா?" என்று கேட்பார்.

இனி படிப்பகத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். காலனியின் முகப்பில் ஓட்டுக் கூரை போட்ட ஒரு கட்டடம். நான் பிறப்பதற்கு முன்னால் காலனிக்காரர்கள் தாங்களே கட்டியது. மண்ணை மிதித்து அச்சில் வார்த்து, சூளை போட்டுச் சுட்ட செங்கல். அப்போது அவர்கள் எல்லோரும் பகல் முழுக்க வயலில் நின்றவர்கள். வேலை விட்டு வந்த பிறகு வீட்டுக்கு ஓர் ஆள் என்று முறை வைத்துக் கட்டியிருக்கிறார்கள். நான் எழுத்துக் கூட்டியது அங்கேதான். கோவில் கூழ் ஊற்றுகிற கூட்டமும் நடக்கும், கிறிஸ்துமஸ் கேக் வெட்டுவதும் அங்கேதான் நடக்கும்.

ஆனால் அது பழசாகிவிட்டது. அடிச்சுவர் பெயர்ந்து, ஒரு மூலை இறங்கியிருந்தது. நான் நோட்டு வாங்கி எட்டொன்பது வருடம் கழித்து, அந்த இடத்தில் அங்கன்வாடிக்குப் புதுக் கட்டடம் வருகிறது என்று ஊராட்சியில் சொன்னபோது எல்லோருக்கும் சந்தோஷம்தான். எனக்கும். பழைய சுவரைக் கட்டிக்கொண்டு அழுகிற ஆள் நான் இல்லை. சுவர் பேசினால் அதுவும் என்னை விடு என்றுதான் சொல்லியிருக்கும்.

வேலை எடுத்த கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் ஒரு நாள் காலை ஒன்பது மணி வாக்கில் ஜேசிபியோடு வந்து நின்றார். முந்தின நாள் பெய்த மழையில் எங்கள் தளத்தில் தண்ணீர் தேங்கி, வேன் வரவில்லை. நான் வீட்டில் இருந்தேன். சத்தம் கேட்டு நானும் போனேன். காலனியே வேடிக்கை பார்க்க நின்றது. என் வீட்டுக்காரர் உத்திரமேரூரில் ஒரு வீடு கட்டுகிற வேலைக்குப் போயிருந்தார்.

ஜேசிபியின் கை மேலே எழும்பிவிட்டது. அந்தக் கூரையைப் பார்த்தேன். பாதிக்கு மேல் நல்ல ஓடு. ஓட்டைத் தாங்குகிற பனங்கை எல்லாம் கறுத்து, இரும்பு மாதிரி வைரம் பாய்ந்து கிடந்தது. கதவும் இரண்டு ஜன்னலும் அசையாமல் இருந்தன. ஒரே இடி இடித்தால் எல்லாம் குப்பை.

"சார், ஆர்டர் பேப்பர் வச்சிக்கீறீங்களா?" என்று கேட்டேன்.

"உனக்கு எதுக்கும்மா அது?"

"பாத்துட்டுக் குடுத்துடறேன் சார்."

அவர் கெட்ட மனிதர் இல்லை. சிரித்துக்கொண்டே கையில் இருந்த கோப்பைக் கொடுத்தார். எனக்கு வாசிக்கத் தெரியாது என்ற தைரியம் அவருக்கு. எஸ்டிமேட்டின் முதல் பக்கம். முழுக்க இங்கிலீஷ். விரலை வைத்து முதல் வரியில் தேடினேன். என் நோட்டில் இருந்த சொல், என்னை ஒரு காலத்தில் தலைகுனிய வைத்த சொல், கொட்டை எழுத்தில் இருந்தது. டிஸ்மேண்டிலிங். அதற்கடுத்த வரியில் 'ஸ்டாக்கிங்'. அதுவும் தெரியும், அடுக்கி வைப்பது. நடுவில் 'சர்வீசபிள்' என்று ஒன்று இருந்தது. அது தெரியவில்லை. அங்கேயே செல்போனை எடுத்துப் பார்த்தேன். பத்துப் பேர் பார்க்கப் பார்க்க எழுத்துக் கூட்டித் தட்டினேன். இன்னும் உழைக்கக்கூடியது, பயன்படக்கூடியது என்று வந்தது.

"சார், இதுல இடிக்கச் சொல்லலியே" என்றேன்.

"இன்னாம்மா சொல்ற? பழைய பில்டிங்க எடுக்கச் சொல்லிதான இருக்கு."

"எடுக்கச் சொல்லிதான் கீது. டிஸ்மேண்டில்னு போட்டுக்கீது. டிமாலிஷ்னு போடல. பிரிச்சி எடுத்து, ஒயைக்கிற சாமான அடுக்கி வைக்கணும்னு எயுதிக்கீது. நீங்க ஜேசிபி வச்சி மோதினா ஓடு ஒண்ணு தேறாது."

"ரெண்டும் ஒண்ணுதாம்மா."

அந்த வாக்கியத்தை நான் முன்பே ஒரு முறை கேட்டிருக்கிறேன். அதற்கு என்ன பதில் என்றும் எனக்குத் தெரியும்.

"ஒண்ணு இல்ல சார். டிமாலிஷ்னா சம்மட்டி. டிஸ்மேண்டில்னா கடப்பாரையும் ஸ்பானரும். எம்மாடி, நானே ஒருக்கா மாத்திப் பண்ணிட்டு முயிச்சிக்கினு நின்னவ."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. சூப்பர்வைசருக்குக் கோபம் வந்துவிட்டது. வண்டியை எடு என்று ஓட்டுநருக்குக் கை காட்டினார். நான் போய்ப் படிப்பகத்தின் வாசற்படியில் உட்கார்ந்தேன். வீரமெல்லாம் இல்லை, படியில் ஆள் இருந்தால் இடிக்கமாட்டார்கள் என்று நினைத்தேன். ஓட்டுநர் என்னைப் பார்த்தார், சூப்பர்வைசரைப் பார்த்தார், வண்டியை அணைத்துவிட்டு டீ குடிக்க இறங்கினார்.

சூப்பர்வைசர் ஒன்றிய அலுவலக ஓவர்சியருக்குப் போன் போட்டு, இங்கே ஒரு பெண் வேலையைத் தடுக்கிறாள் என்றார். பிறகு போனை என்னிடம் நீட்டினார்.

"யாரும்மா பேசறது? வார்டு மெம்பரா?"

"இல்ல சார். சித்தாள்."

நான் அந்த இரண்டு வரியையும் வாசித்தேன். உச்சரிப்பு எப்படி இருந்ததோ தெரியாது. முடித்துவிட்டு, "சர்வீசபிள்னா ஒயைக்கிறதுதான சார்?" என்று கேட்டேன்.

"நான் வரேன். அது வரைக்கும் யாரும் கை வைக்க வேணாம்" என்றார்.

ஒரு மணி நேரத்தில் மோட்டார் சைக்கிளில் வந்தார். நரைத்த மீசை, கையில் டேப். கோப்பை வாங்கிப் பார்த்தார். கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். பனங்கையைத் தட்டிப் பார்த்தார். பிறகு சூப்பர்வைசரிடம், "அந்தம்மா சொல்றதுதான் கரெக்ட். டிஸ்மேண்டில்னா பிரிக்கிறதுதான். ஜேசிபிய அனுப்பிடுங்க" என்றார்.

"சார், பிரிச்சா மூணு நாள் ஆகும். எனக்கு ஆள் எங்க?"

ஓவர்சியர் என் பக்கம் திரும்பினார். நான் யோசிக்கவே இல்லை. "நாங்க பண்றம் சார்" என்றேன்.

என் வீட்டுக்காரர் அப்போதுதான் சைக்கிளில் வந்து இறங்கினார். யாரோ போன் செய்து, உன் பெண்டாட்டி ஜேசிபி முன்னால் உட்கார்ந்திருக்கிறாள் என்று சொல்லியிருக்கிறார்கள். முகத்தில் ரத்தம் இல்லை. நடந்ததை நான் சொல்லி முடித்ததும், "நீ பாட்டுக்குப் பண்றம்னுட்ட. கூரை மேல ஏறப்போறது ஆரு?" என்று கேட்டார். கேட்டுக்கொண்டே கட்டடத்தை அண்ணாந்து பார்த்தார். கண் எந்த மூலையிலிருந்து தொடங்கலாம் என்று தேடுவது எனக்குத் தெரிந்தது.

மறுநாள் காலையில் பன்னிரண்டு பேர் கூடினோம். எங்கள் காலனியிலிருந்து பதினொரு பேர். பன்னிரண்டாவது, ஏரிக்கரை அக்கா. ஏரிக்கரை ஓரத்தில் இருளர் குடும்பங்கள் சில குடிசை போட்டிருக்கிறார்கள்; அக்கா அங்கேயிருந்து வருபவள். பல வருடமாக என்னோடு அதே வேனில் வேலைக்கு வருகிறாள். தலையில் பாண்டு வைத்துக்கொண்டு ஏணியில் ஏறும்போது பாண்டைக் கையால் பிடிக்கவே மாட்டாள்.

பிரிக்கிற வேலை, கட்டுகிற வேலையைத் தலைகீழாகச் செய்வது. கடைசியாக வைத்ததை முதலில் எடுக்கவேண்டும். முகட்டு ஓடு, பிறகு சரிவு ஓடு, பிறகு ஓடு பதிந்த ரீப்பர்ச் சட்டம், அதற்குப் பிறகு பனங்கை. ஆண்கள் மேலே இருந்து எடுத்துக் கொடுக்க, நாங்கள் வரிசையாக நின்று கைமாற்றிக் கீழே இறக்கினோம். ஒவ்வோர் ஓட்டையும் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பேன். கணீரென்றால் நல்லது, சொத்தென்றால் ஒதுக்கு. ஓர் அடுக்கு சரிந்து ஏழெட்டு ஓடு உடைந்தது. அதைச் செய்தது நானேதான், வேறு யாரையும் சொல்வதற்கில்லை. செங்கல் அழகாக வந்தது. அந்தக் காலத்தில் சிமெண்டில் கட்டாமல் சுண்ணாம்புக் கலவையில் கட்டியிருந்ததால், கலவை பூசுகிற கொல்லறுக் காம்பால் தட்டினாலே ஒட்டாமல் கழன்றது. கதவை நிலையோடு எடுத்தோம்.

மூன்றாம் நாள் சாயங்காலம் தரை மட்டும்தான் மிச்சம். ஓடு ஒரு பக்கம், செங்கல் ஒரு பக்கம், மரம் ஒரு பக்கம். என் வீட்டுக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுக்குகளைப் பார்த்தார். "பிரிச்சி மேஞ்சிட்டமே" என்றார்.

அந்தப் பேச்சை நாம் எத்தனையோ தடவை சொல்கிறோம். யாராவது ஒரு வேலையை வெளுத்துக் கட்டினால், பிரித்து மேய்ந்துவிட்டான் என்கிறோம். பழைய கூரையைப் பிரித்துப் புதுசாக மேய்கிறதுதான் அது. அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது: அழிப்பதும் ஆக்குவதும் ஒரே மூச்சில் வருகிற பேச்சு. அதற்கு இங்கிலீஷில் ஒரே சொல்லாக ஏதாவது இருக்கிறதா என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். நோட்டில் அந்த வரி காலியாகத்தான் இருக்கிறது.

மீதமான சாமான் ஊராட்சிக்குச் சொந்தம். அதை என்ன செய்வது என்று ஊராட்சி ஆபீசில் நடந்த அடுத்த கிராம சபையில் பேச்சு வந்தது. ஏலம் விடலாம் என்றார்கள். ஊர்த்தெருக்காரர் ஒருவர், பனங்கை தன் மாட்டுக் கொட்டகைக்கு ஆகும் என்றார். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஏரிக்கரை அக்கா என் தொடையைக் கிள்ளினாள். வேனிலேயே நாங்கள் இதைப் பேசியிருந்தோம். ஆனால் அவள் அதற்கு முன்னால் எந்தக் கூட்டத்திலும் வாய் திறந்ததில்லை.

"நீயே சொல்லேன்" என்றாள்.

"நீ சொல்லு. நான் கூட நிக்கிறன்."

இரண்டு பேரும் எழுந்தோம். அவள் தலைவரைப் பார்த்துப் பேசினாள். "எங்காண்ட பதினாலு புள்ளைங்க கீதுங்க. சாயங்காலத்துல புளியமரத்தடியில குந்திப் படிக்குதுங்க. மழை வந்தா பொஸ்தகத்த மூடிக்கினு ஓடுதுங்க. அந்த ஓட்டையும் கல்லையும் குடுத்தா ஒரு ரூம்பு கட்டிக்குவம்."

பின்னாலிருந்து ஒரு குரல், "அவங்களுக்கு எதுக்கு ஓட்டுக் கட்டடம்?" என்றது.

அக்கா திரும்பவில்லை. குரலையும் உயர்த்தவில்லை. "நீங்க குந்திக்கினு கீற இந்த ஆபீசுக்குக் கலவ சொமந்தது நான்தான். உங்க தெருவுல நாலு மாடி வூட்டுக்குச் சொமந்துக்கீறேன். எங்க புள்ளைங்களுக்கு ஒண்ணு கட்டிக்க எனக்குத் தெரியாதா?"

தலைவர் ஒரு பெண்தான். சபை அமைதியான பிறகு, ஆட்சேபம் உள்ளவர்கள் கை தூக்கலாம் என்றார். இரண்டு கை எழுந்தது. ஒன்று பாதியிலேயே இறங்கிவிட்டது. தீர்மானம் எழுதினார்கள். படிப்பகத்தின் சாமான் ஏரிக்கரைக்குப் போகும், கட்டுமானம் ஊராட்சி மேற்பார்வையில் நடக்கும் என்று எழுத்தர் வாசித்துக் காட்டினார். அக்கா தன் பெயரைத் தானே எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

கட்டுகிற வேலையை என் வீட்டுக்காரர்தான் பிடித்துச் செய்தார். ஞாயிற்றுக்கிழமைகளிலும் வேன் வராத நாட்களிலுமாக வேலை நடந்தது. மூன்று சுவர் எழும்பியது. நான்காவது சுவருக்கு நூல் கட்டிய அன்று கூட வேலை செய்கிற மேஸ்திரி வரவில்லை. மாமியார் வீட்டு விசேஷம் என்று போய்விட்டார். நான் கலவையைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு நின்றேன்.

என் வீட்டுக்காரர் கொல்லறைத் திருப்பி, காம்பை என் பக்கம் நீட்டினார்.

"இன்னா?"

"புடி. நான் இந்த மூலையில வரன். நீ அந்த மூலையில வா."

பதினைந்து வருடத்துக்கு மேலாகக் கட்டட வேலைக்குப் போகிறேன். எத்தனை சுவருக்குக் கல்லும் கலவையும் தூக்கியிருப்பேன் என்று சொல்லமுடியாது. ஒரு கல்லைக்கூட நான் வைத்ததில்லை. பெண்கள் தூக்கலாம், சலிக்கலாம், தண்ணீர் ஊற்றலாம். கொல்லறு ஆண்பிள்ளை கையில்தான். அதை யாரும் எந்தக் காகிதத்திலும் எழுதி வைக்கவில்லை. எழுதாததாலேயே யாரும் அதைக் கேள்வி கேட்கவும் இல்லை.

"கோணிக்கினா?"

"கோணினா பிரிச்சிட்டு மறுக்கா கட்டு. அதான் உனுக்குத் தெரியுமே."

முதல் வரிக் கல் வைக்க அரை மணி நேரம் ஆனது. கலவையை எவ்வளவு போடுவது என்று கண்ணுக்குத் தெரிந்தாலும் கைக்குத் தெரியவில்லை. இரண்டாம் வரியில் ஒரு கல் நூலைத் தள்ளிக்கொண்டு நின்றது. எடுத்து மறுபடி வைத்தேன். மூன்றாம் வரியில் கை பழகியது. ஏரிக்கரை அக்கா எனக்குக் கலவை கொண்டுவந்தாள். "மேஸ்திரி, கலவ போதுமா?" என்று அவள் கேட்டபோது என் வீட்டுக்காரர் நிமிர்ந்தார். "உன்ன இல்ல, இவள" என்றாள். அன்று அந்தச் சுவர் ஜன்னல் மட்டம் வரைக்கும் வந்தது. மீதியையும் அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் நானே முடித்தேன்.

கூரை போடுவதற்கு முன் ஓவர்சியர் பார்க்க வந்தார். நான்கு சுவரிலும் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தார். என் சுவரிடம் வந்து நூலை மேலே பிடித்து, குண்டைக் கீழே விட்டு, அது ஆடி நிற்கிற வரை காத்திருந்தார். நானும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். நூலுக்கும் சுவருக்கும் இடையில் மேலே எவ்வளவோ கீழேயும் அவ்வளவு.

"இது யார் வச்ச சுவர்?" என்று கேட்டார்.

"நான்தான் சார்."

அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். சிரித்தார். "போன்ல சித்தாள்னு சொன்ன?"

"அப்போ சித்தாள் சார்" என்றேன்.

எனக்கே ஆச்சரியமாக இருந்தது, அது அவ்வளவு எளிதாக வாயில் வந்தது. பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் வேறு எங்கோ பார்ப்பது போல ஏரியைப் பார்த்தார். ஆனால் காது வரைக்கும் சிரிப்பு தெரிந்தது.

அந்த ஆடியில் ஓடு மேய்ந்து முடித்தோம். முதல் நல்ல மழை ஒரு சாயங்காலம் வந்தது. நானும் அக்காவும் உள்ளே தரை மெழுகிக்கொண்டிருந்தோம். பிள்ளைகள் வழக்கம் போலப் புத்தகத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடி வந்தவர்கள், வீட்டுக்குப் போகாமல் இந்த அறைக்குள் நுழைந்து சுவரோரமாக நின்றார்கள். ஓட்டின் மேல் மழை சடசடவென்று இறங்கியது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். ரொம்ப நேரம் எங்கும் ஒழுகவில்லை. பிறகு, வடக்கு மூலையில் ஒரே ஓர் இடத்தில், சொட்டுச் சொட்டாக.

அக்கா சாணி கரைத்திருந்த வாளியைக் காலி செய்து அந்த இடத்தில் வைத்தாள். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துவிட்டு, சொட்டு நடுவில் விழுகிற மாதிரி நகர்த்தினாள்.

"ஒரு ஓடு நகந்துக்கீது. மழை விட்டதும் ஏறிச் சரி பண்ணிடலாம்" என்றேன்.

"நீ ஏறாத. நீ மேஸ்திரி. நான் ஏறறன்" என்றாள் அவள், சிரிக்காமல்.